கூரை தேடி அலைந்த சிங்கங்கள்: லண்டன் லயன்ஸ் கிளப்பின் கதை

2012 ஒலிம்பிக்ஸுக்காகக் கிழக்கு லண்டனில் எழுந்த கட்டடங்களில் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். ஒன்று கூடைப்பந்து அரங்கம். வெள்ளைத் திரை போர்த்தியது, 12,000 பேர் உட்காரலாம். இன்னொன்று, பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஹேண்ட்பால் விளையாட்டுக்கான அரங்கம். செப்புத் தகடு போர்த்திய பெட்டி, கொள்ளளவு ஏறத்தாழ 7,000. போட்டிகள் முடிந்ததும் கூடைப்பந்து அரங்கத்தைப் பிரித்து எடுத்துவிட்டார்கள். அதைத் தற்காலிகமாகத்தான் கட்டியிருந்தார்கள், அதனால் யாரும் ஏமாற்றப்படவில்லை. ஆனால் லண்டன் தெருக்களில் எத்தனை பிள்ளைகள் கூடைப்பந்து ஆடுகிறார்கள், எத்தனை பிள்ளைகள் ஹேண்ட்பால் ஆடுகிறார்கள் என்று பார்த்தால், எதைப் பிரித்து எதை நிறுத்தினார்கள் என்பது இன்றும் மனதை உறுத்துகிறது.

லண்டனின் தொழில்முறைக் கூடைப்பந்து அணியான லண்டன் லயன்ஸ் இன்று ஆடுவது அந்த ஹேண்ட்பால் பெட்டியில்தான். காப்பர் பாக்ஸ் என்று பெயர். அங்கே வந்து சேர்வதற்குள் இந்தக் கிளப் மூன்று ஊர் மாறியது, பலமுறை பெயர் மாற்றியது, ஒரு ஷாப்பிங் மாலுக்கு நடுவில்கூட ஆடியது. வந்த பிறகு ஐரோப்பாவே திரும்பிப் பார்க்கும் உயரத்துக்குப் போனது. அப்புறம் முதலாளியின் நிறுவனம் சரிந்தபோது ஒரே கோடையில் எல்லாம் ஆட்டம் கண்டது. ஆட்டக்காரர்கள், கோப்பைகள், பணம் எல்லாமே இந்தக் கதையில் உண்டு. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் கடைசியில் ஒரே கேள்விதான் வந்து நிற்கிறது: எந்தக் கூரைக்குக் கீழே ஆடுவது?

கிளப்பின் வேர் லண்டனில் இல்லை. 1977-ல் லண்டனுக்கு வடமேற்கே ஹார்ட்ஃபர்ட்ஷயர் மாவட்டத்தில் ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் என்ற ஊரில் தொடங்கியது. பக்கத்து ஊரான வாட்ஃபர்டுக்கும் ஹெமலுக்கும் இடையே போய்வந்துகொண்டிருந்த காலத்தில் ராயல்ஸ் என்று பெயர். இங்கிலாந்தின் தேசியக் கூடைப்பந்து லீக் தொடங்கியதே 1972-ல்தான். அதனால் 1977 என்பது அந்த நாட்டின் கூடைப்பந்துக்கு ஆரம்பக் காலம். பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர்களும், அமெரிக்க விமானப்படைத் தளங்களிலிருந்து வந்த சிப்பாய்களும், கல்லூரி மாணவர்களும் சேர்ந்து நடத்திய விளையாட்டு அது.

அந்தக் காலத்தில்தான் இங்கிலாந்தின் நகரசபைகள் ஊருக்கு ஊர் லெஷர் சென்டர்களைக் கட்டின. மழையும் குளிரும் உள்ள நாட்டில் மக்கள் உள்ளே விளையாட ஒரு நீச்சல்குளம், ஒரு பெரிய ஹால். கூடைப்பந்து அந்த ஹாலைப் பற்றிக்கொண்டு வளர்ந்தது. அப்படிப்பட்ட ஒரு ஹாலில் கால் வைத்தவர்களுக்கு அதன் தரை மறக்காது. பேட்மின்டனுக்கு ஒரு நிறத்தில் கோடு, நெட்பாலுக்கு இன்னொரு நிறம், வாலிபாலுக்கு மூன்றாவது நிறம் என்று ஒன்றின்மேல் ஒன்றாகக் கோலம் போட்ட மாதிரி இருக்கும். அதில் கூடைப்பந்துக் கோடு எது என்று கண் பழக வேண்டும். பேட்மின்டன் ஆடுபவர்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிய பிறகு, சுவரோடு மடித்து வைத்த கூடைப் பலகைகளை இறக்குவார்கள். இழுத்தால் நீளும் மரப் படிக்கட்டு இருக்கைகளைச் சுவரிலிருந்து இழுத்துவிடுவார்கள். இரண்டு மணி நேர ஆட்டம். முடிந்ததும் எல்லாவற்றையும் பழையபடி மடித்து வைக்க வேண்டும், ஏனென்றால் மறுநாள் காலையில் அதே ஹாலில் வேறு வகுப்பு இருக்கும்.

இதில் பணம் எப்படி ஓடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தின் கால்பந்துக் கிளப்புக்குப் பெரும்பாலும் சொந்த மைதானம் உண்டு. டிக்கெட் பணம் மட்டுமா வருகிறது? பீர், தின்பண்டம், வண்டி நிறுத்தும் கட்டணம், சுற்றிலும் விளம்பரப் பலகைகள், ஆட்டம் இல்லாத நாட்களில் கல்யாண வரவேற்புக்கு வாடகை, எல்லாமே கிளப்பின் கல்லாவுக்குப் போகும். கூடைப்பந்துக் கிளப்போ வாடகைக்காரர். டீக்கடை வருமானம் ஹால்காரருக்கு. பெயர்ப்பலகை உரிமை ஹால்காரருக்கு. பயிற்சிக்கு நேரம் வேண்டுமென்றால் அதற்கும் மணிக்கணக்கில் வாடகை. ஆயிரம் பேர் உட்காரும் ஹாலில் எல்லா இருக்கையும் நிறைந்தாலும் கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். ஹாலைப் பூட்டிவிட்டால் கிளப் தெருவில் நிற்கும்.

அதனால்தான் அங்கே கிளப்புகள் ஊர் மாறுவது வழக்கமாகிவிட்டது. 1987-ல் கிளப்புகள் சேர்ந்து பிரிட்டிஷ் கூடைப்பந்து லீக்கை உருவாக்கின. பி.பி.எல். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கால்பந்தில் இருப்பதுபோல் கீழ்ப்பிரிவிலிருந்து வென்று மேலே வருவதோ, தோற்று இறங்குவதோ இதில் கிடையாது. லீக் கொடுக்கும் உரிமம் கையில் இருந்தால் இடம் உண்டு. அந்த உரிமத்தை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்கும் போகலாம். ஹால் கிடைத்த இடம் ஊர் என்றாகிவிட்டது.

ராயல்ஸும் அப்படித்தான் 1998-ல் மூட்டை கட்டியது. போன இடம் மில்டன் கீன்ஸ். 1967-ல் அரசாங்கம் வரைபடத்தில் கோடு போட்டு உருவாக்கிய புது நகரம். நேர்கோட்டுச் சாலைகள், சாலைக்குச் சாலை ரவுண்டானா, பழைய ஊர்களுக்கு இருக்கும் விளையாட்டுப் பாரம்பரியம் எதுவும் இல்லாத இடம். புது ஊருக்கு ஒரு புது அணி. மில்டன் கீன்ஸ் லயன்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு, ஊரின் தென்பகுதியில் இருந்த பிளெட்ச்லி லெஷர் சென்டரில் ஆடத் தொடங்கினார்கள். முன்னாள் ஆட்டக்காரரான வின்ஸ் மெக்காலே முதலாளியாகவும் பயிற்சியாளராகவும் நின்று கிளப்பை நடத்தினார். ஒரே ஆளே சம்பளத்துக்குப் பணம் தேடவும் வேண்டும், சைடுலைனில் நின்று ஆட்டத்தை நடத்தவும் வேண்டும் என்ற நிலையில்தான் அன்றைக்குப் பல பிரிட்டிஷ் கிளப்புகள் இருந்தன. அப்படிப் பல வருடம் ஒரு கிளப்பைத் தூக்கிச் சுமந்ததை நான் பெரிய விஷயமாக மதிக்கிறேன். அந்தச் சுமை இல்லாமல் பின்னால் வந்த பளபளப்பு எதுவும் இல்லை.

பிளெட்ச்லி சென்டர் பழசாகி, இடிக்கும் நாள் வந்தது. லயன்ஸுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. 2007-ல் அந்த ஊரில் புதுக் கால்பந்து ஸ்டேடியம் திறந்தபோது, அதை ஒட்டியே ஓர் உள்ளரங்கமும் வரும், அது லயன்ஸின் வீடாகும் என்பது திட்டம். ஸ்டேடியம் வந்தது. உள்ளரங்கம் வெறும் கூடாகவே வருடக்கணக்கில் கிடந்தது. அந்த இடைவெளியில்தான் மாலுக்கு நடுவில் ஆடிய கதை நடந்தது. ஊரின் மையத்தில் இருக்கும் பெரிய ஷாப்பிங் சென்டருக்குள் மிடில்டன் ஹால் என்று ஒரு திறந்த கூடம் உண்டு. கிறிஸ்துமஸ் சமயத்தில் குழந்தைகளுக்காக அலங்காரம் போடுவார்கள், மற்ற நாட்களில் கண்காட்சி நடக்கும். அங்கே தரையைப் பரப்பி, கூடைகளை நிறுத்தி, தொழில்முறை லீக் ஆட்டம் ஆடினார்கள். சுற்றிலும் துணிக்கடை, செருப்புக்கடை. நடுவில் ஆறரை அடி ஆட்கள் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். பார்க்க வேடிக்கையாக இருந்திருக்கும், அக்கம்பக்கத்துக் கவனத்தையும் ஈர்த்திருக்கும். ஆனால் ஒரு கிளப் அதை வீடு என்று சொல்லிக்கொண்டு எத்தனை நாள் தள்ள முடியும்?

2012-ல் லயன்ஸ் மில்டன் கீன்ஸை விட்டுக் கிளம்பியது. ஊருக்குள் பொருத்தமான ஹால் கிடைக்கவில்லை என்பதே காரணம். இதில் கவனிக்க வேண்டிய ஒரு பொருத்தம் இருக்கிறது. 2003-ல் லண்டனின் விம்பிள்டன் கால்பந்துக் கிளப்பை மில்டன் கீன்ஸ் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. ரசிகர்கள் கொதித்துப் போனார்கள், அந்தக் காயம் இன்றுவரை ஆறவில்லை. ஒன்பது வருடம் கழித்து அதே மில்டன் கீன்ஸ் தன் கூடைப்பந்துக் கிளப்பை லண்டனிடம் இழந்தது. லயன்ஸ் காத்திருந்த உள்ளரங்கம் திறந்தது அவர்கள் கிளம்பிப் போன பிறகுதான்.

லண்டனுக்குப் போனதும் நேராகக் காப்பர் பாக்ஸுக்குள் நுழையவில்லை. ஒலிம்பிக்ஸ் முடிந்து அரங்கத்தை மக்கள் பயன்பாட்டுக்கு மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்ததால், முதல் சீசனைத் தெற்கு லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் தேசிய விளையாட்டு மையத்தில் ஆடினார்கள். 1964-ல் திறந்த கட்டடம். 1970-களிலும் 80-களிலும் இங்கிலாந்தின் கூடைப்பந்து என்றாலே கிரிஸ்டல் பேலஸ்தான் என்ற காலம் இருந்தது. லயன்ஸுக்கு முன்னால் லண்டனில் தொழில்முறை அணிகள் இல்லாமல் இல்லை. 90-களில் லண்டன் டவர்ஸ் பெரிய பெயர். வெம்பிளி அரீனாவில் ஆடியது, 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவின் முதல்நிலைக் கிளப் போட்டியான யூரோலீக்கில்கூட இடம்பிடித்தது. 2006-ல் பி.பி.எல்.லை விட்டே போய்விட்டது. லெப்பர்ட்ஸ் என்று இன்னொரு அணி, கிழக்கில் டாக்லாண்ட்ஸ் பகுதியில் லண்டன் அரீனாவில் ஆடியது. அந்த அரீனாவையே பின்னால் இடித்துவிட்டார்கள். லட்சக்கணக்கான ரசிகர்கள் இருக்கக்கூடிய நகரத்தில் ஒரு அணி நிலைக்க முடியவில்லை என்றால், லண்டனில் ஹால் வாடகை எவ்வளவு, எத்தனை பேர் போட்டிக்கு நிற்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

ரசிகர்கள் இல்லை என்று மட்டும் யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2011 மார்ச்சில் அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. தன் வழக்கமான சீசன் ஆட்டங்களை முதல்முறையாக ஐரோப்பாவில் நடத்தியது. டொரன்டோ ராப்டர்ஸும் நியூ ஜெர்சி நெட்ஸும் லண்டனின் ஓ2 அரங்கத்தில் இரண்டு நாள் மோதின. அதற்குப் பிறகும் அநேகமாக ஆண்டுதோறும் வந்தார்கள், டிக்கெட் பறந்தது. பிள்ளைகளும் ஆடுகிறார்கள். தென் லண்டனின் பிரிக்ஸ்டனில் ஜிம்மி ராஜர்ஸ் கட்டி வளர்த்த டாப்கேட்ஸ் என்ற கிளப்பில் பந்து தட்டிய பையன்தான் லுவோல் டெங். சூடான் போரிலிருந்து தப்பி வந்த குடும்பம். பின்னால் என்.பி.ஏ.வில் ஆல்-ஸ்டார் அளவுக்கு உயர்ந்தார். ஆனால் அந்த உயரத்துக்குப் போக அவர் பதினான்கு வயதில் அமெரிக்காவுக்குப் போக வேண்டியிருந்தது. திறமையுள்ள பிள்ளைகளுக்கு உள்ளூரில் ஏற ஒரு படி வேண்டும், அந்தப் படி லண்டனில் எப்போதும் ஆடிக்கொண்டே இருந்தது.

2012 ஒலிம்பிக்ஸில் டெங் இருந்த பிரிட்டன் அணி ஸ்பெயினிடம் 78-79 என்று ஒரே புள்ளியில் தோற்றது, சீனாவை 90-58 என்று வென்றது. ஐந்து ஆட்டத்தில் ஒரு வெற்றிதான், ஆனாலும் அந்த ஸ்பெயின் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நம்பிக்கை வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே, ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கு நிதி கொடுக்கும் யு.கே. ஸ்போர்ட் அமைப்பு கூடைப்பந்துக்கு அடுத்த நான்கு ஆண்டுகளுக்கு ஒரு பைசா கிடையாது என்று அறிவித்தது. பதக்கம் வெல்லும் வாய்ப்பு இருந்தால்தான் பணம் என்பது அவர்களுடைய கொள்கை. எதிர்ப்பு கிளம்பி, நிபந்தனையோடு கொஞ்சம் திருப்பிக் கொடுத்தார்கள். 2014-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள். துடுப்புப் படகுக்கும் சைக்கிளுக்கும் பதக்கக் கணக்கு சரியாக வரும். ஐரோப்பாவில் கூடைப்பந்து ஆடாத நாடே இல்லை, அந்தக் கூட்டத்தில் ஒரு குழு விளையாட்டு நான்கு வருடத்தில் பதக்கம் கொண்டுவர வேண்டும் என்று எதிர்பார்த்தது எனக்கு நியாயமாகவே படவில்லை.

லயன்ஸ் காப்பர் பாக்ஸுக்குள் குடிவந்தது அந்த வறண்ட காலத்தில்தான், 2013-ல். உள்ளே நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது இருக்கைகள். ஒரே நிறமாக இல்லாமல், சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று கலந்து இறைத்த மாதிரி இருக்கும். கூரையில் 88 ஒளிக்குழாய்கள் பதித்திருக்கிறார்கள். வெளியே இருக்கும் பகல் வெளிச்சத்தை அவை உள்ளே இறக்கும், மின்விளக்குச் செலவு குறையும். கட்டடம் சுற்றளவில் பெரிதாகத் தெரியாது, ஆனால் உள்ளே சத்தம் தேங்கி நிற்கும். ஒலிம்பிக்ஸ் நாட்களில் ஹேண்ட்பால் பார்க்க வந்த கூட்டம் போட்ட சத்தத்தில் 'அதிரும் பெட்டி' என்றே செல்லப்பெயர் வந்துவிட்டது. மாலுக்கு நடுவில் ஆடிய கிளப்புக்கு இது அரண்மனை. ஆனால் வாடகை அரண்மனை. ஒலிம்பிக் பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் பொது அமைப்பின் சொத்து அது. குத்துச்சண்டை வரும், கச்சேரி வரும், நெட்பால் வரும், நாள் ஒதுக்கீட்டில் லயன்ஸ் ஒரு வாடிக்கையாளர்தான்.

ஆரம்ப வருடங்களில் ஆயிரக்கணக்கான இருக்கைகளில் பெரும்பகுதி காலியாகவே இருந்தது. மெல்ல மெல்ல அணி தேறியது. 2018-19 சீசனில் பி.பி.எல். லீக் பட்டத்தை லயன்ஸ் முதல்முறையாக வென்றது. ஹெமலில் தொடங்கி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அப்புறம்தான் பெரிய பணம் வந்தது. 2020-ல் அமெரிக்காவின் மியாமியைச் சேர்ந்த 777 பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் கிளப்பை எடுத்தது. இத்தாலியில் ஜெனோவா, பெல்ஜியத்தில் ஸ்டாண்டர்ட் லியேஜ், பிரேசிலில் வாஸ்கோ ட காமா, ஜெர்மனியில் ஹெர்தா பெர்லின் என்று பின்னால் கால்பந்துக் கிளப்புகளாக வாங்கிக் குவித்தவர்கள். கிளப்போடு நிற்கவில்லை. 2021 டிசம்பரில் 70 லட்சம் பவுண்டு கொடுத்து பி.பி.எல். லீக்கிலேயே 45 சதவீதத்துக்குச் சற்று மேல் பங்கு வாங்கினார்கள். இதை அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். லீக்கில் ஆடும் ஒரு கிளப்பின் முதலாளியே அந்த லீக்கின் மிகப்பெரிய பங்குதாரர். ஆனால் ஆண்டுக்கணக்கில் பட்டினி கிடந்த விளையாட்டுக்கு யாரோ சோறு போட வருகிறார் என்றால் யாரும் கேள்வி கேட்கத் தயாராக இல்லை. அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

பணத்தின் பலன் தரையில் தெரிந்தது. 2022-ல் லயன்ஸ் யூரோகப்பில் நுழைந்தது. ஐரோப்பாவில் யூரோலீக்குக்கு அடுத்த படி அது. என்.பி.ஏ.வில் ஆடிய சாம் டெக்கர், கோஸ்டா கூஃபோஸ் போன்றவர்கள் லண்டன் சட்டை போட்டார்கள். உள்நாட்டு லீக்கில் மற்ற கிளப்புகள் ஒரு சீசன் முழுக்கச் செலவழிப்பதை இவர்கள் ஓரிரு ஆட்டக்காரர்களுக்கே கொடுத்துவிடுவார்கள் என்ற பேச்சு எழும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. 2023-24 சீசனில் செர்பியப் பயிற்சியாளர் பெட்டார் போஜிச்சின் கீழ் லயன்ஸ் யூரோகப் அரையிறுதி வரை போனது. எந்த பிரிட்டிஷ் கிளப்பும் அதுவரை போகாத இடம்.

அந்த அரையிறுதியில் அவர்களைத் தோற்கடித்தது பாரிஸ் பாஸ்கெட்பால். இந்த இரண்டு கிளப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிறைய விளங்கும். பாரிஸ் கிளப் 2018-ல்தான் தொடங்கியது, அதுவும் அமெரிக்க முதலீட்டில். 2024 ஒலிம்பிக்ஸுக்காகப் பாரிஸின் வடக்கு ஓரத்தில் சுமார் 8,000 பேருக்கான அடிடாஸ் அரீனாவைக் கட்டியபோது, ஒலிம்பிக்ஸுக்குப் பிறகு அதில் யார் குடியிருப்பார்கள் என்பதையும் சேர்த்தே யோசித்தார்கள். 2024 பிப்ரவரியில், ஒலிம்பிக்ஸ் தொடங்குவதற்கும் முன்னாலேயே, பாரிஸ் பாஸ்கெட்பால் அங்கே ஆடத் தொடங்கிவிட்டது. அந்த சீசனில் யூரோகப்பை வென்று யூரோலீக்குக்கும் ஏறிவிட்டது. லண்டனில் கூடைப்பந்து அரங்கத்தைப் பிரித்துவிட்டு, ஹேண்ட்பால் அரங்கத்தில் வாடகைக்கு இடம் கொடுத்தார்கள்.

ஆனால் அந்த வசந்தத்தின் உண்மையான சாதனை ஆண்கள் அணியுடையது இல்லை. லயன்ஸின் பெண்கள் அணி, கிரேக்க முன்னாள் ஆட்டக்காரர் ஸ்டிலியானி கால்ட்சிடூவின் பயிற்சியில், 2024 ஏப்ரலில் யூரோகப் பெண்கள் இறுதிப் போட்டிக்குப் போனது. எதிரணி துருக்கியின் பெஷிக்டாஷ். இரண்டு ஆட்டங்களின் புள்ளிகளையும் கூட்டி வெற்றி தீர்மானிக்கும் முறை. இஸ்தான்புல்லில் ஒன்று, லண்டனில் ஒன்று. காப்பர் பாக்ஸில் கோப்பையைத் தூக்கினார்கள். ஆண்கள், பெண்கள் இரு பிரிவிலும் சேர்த்து, ஐரோப்பாவின் பெரிய கூடைப்பந்துக் கோப்பை ஒன்றை ஒரு பிரிட்டிஷ் கிளப் வென்றது அதுவே முதல் தடவை. நார்தாம்ப்டனில் வளர்ந்த ஹோலி வின்டர்பர்ன் அந்த அணியில் இருந்தார். உள்ளூரில் பந்து பிடித்த ஒரு பெண், உள்ளூர்க் கிளப்புக்காக, உள்ளூர் அரங்கத்தில் ஐரோப்பியக் கோப்பையைத் தொட்டாள். இந்த விளையாட்டுக்கு இங்கிலாந்தில் இதைவிட நல்ல இரவு வாய்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதமே இடி விழுந்தது. 2024 மே மாதம், லீடன்ஹால் கேப்பிட்டல் என்ற கடன் கொடுத்த நிறுவனம் 777 மீது நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. தங்களிடம் இல்லாத சொத்துகளையும், வேறு இடங்களில் ஏற்கெனவே அடகு வைத்த சொத்துகளையும் காட்டிக் கடன் வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. அதற்குச் சற்று முன்னால்தான் ஆஸ்திரேலியாவில் 777-இன் போன்சா விமான நிறுவனம் விழுந்திருந்தது. எவர்ட்டன் கால்பந்துக் கிளப்பை வாங்கப் போட்டிருந்த ஒப்பந்தமும் கைநழுவியது. கோப்பையைத் தூக்கிய பெண்கள் அணியின் எதிர்காலம் சில வாரங்களுக்குள்ளேயே கேள்விக்குறியாகிவிட்டது.

ஒரு கிளப்பின் முதலாளி சரிந்தால் அந்தக் கிளப்தானே கஷ்டப்பட வேண்டும்? இங்கே லீக்கே விழுந்தது. 777-இன் பணத்தை நம்பித்தான் பி.பி.எல். அலுவலகம் நடந்துகொண்டிருந்தது. பிரிட்டிஷ் கூடைப்பந்துக் கூட்டமைப்பு அந்தக் கோடையில் பி.பி.எல்.லின் உரிமத்தை ரத்து செய்தது. 1987-லிருந்து இருந்த பெயர் போனது. கிளப்புகள் அவசர அவசரமாகக் கூடி சூப்பர் லீக் பாஸ்கெட்பால் என்று புதிதாக ஒன்றைத் தொடங்கி, செப்டம்பரில் சீசனை ஆரம்பித்தார்கள். பிளிமத் கிளப் அந்தக் குழப்பத்தைத் தாண்டவில்லை. கூட்டமைப்பு பின்னர் 15 ஆண்டு உரிமத்தை ஓர் அமெரிக்க முதலீட்டுக் குழுவுக்குக் கொடுக்கப்போவதாக அறிவித்தபோது கிளப்புகள் எதிர்த்து நின்றன, சண்டை பெரிதானது.

இந்தப் புயலில் அதிகம் ஆடாமல் நின்ற கிளப்புகள் எவை என்று பார்த்தால் இந்தக் கதையின் கேள்விக்கு ஒரு பதில் கிடைக்கிறது. லெஸ்டர் ரைடர்ஸ், 1967-ல் தொடங்கியது, நாட்டின் மிகப் பழைய தொழில்முறைக் கூடைப்பந்துக் கிளப். அவர்களும் அலைந்தவர்கள்தான். கிரான்பி ஹால்ஸ் என்ற பழைய அரங்கம் மூடியதும் பல்கலைக்கழக ஹால்களில் ஒதுங்கி நின்றார்கள். பிறகு நகரசபையோடும் உள்ளூர்க் கல்லூரியோடும் சேர்ந்து 48 லட்சம் பவுண்டில் 2,400 பேருக்கான ஓர் அரங்கத்தைக் கட்டி 2016 ஜனவரியில் உள்ளே போனார்கள். நியூகாசில் ஈகிள்ஸ் 2019-ல் ஸ்காட்ஸ்வுட் சாலையில் தன் அரங்கத்தைத் திறந்தது. 2023-ல் ஷெஃபீல்ட் ஷார்க்ஸும் அதே வழியில் போனது. எல்லாமே சிறிய அரங்கங்கள். பகலில் பள்ளிப் பிள்ளைகள், மாலையில் பயிற்சி வகுப்புகள், வார இறுதியில் லீக் ஆட்டம். டீக்கடை வருமானமும் அவர்களுக்கே. பார்க்கப் பகட்டாக இருக்காது. ஆனால் லீக் பெயர் மாறினாலும், முதலீட்டாளர் ஓடினாலும், மறுநாள் காலையில் கதவைத் திறக்கச் சாவி அவர்கள் கையிலேயே இருக்கிறது.

லண்டன் லயன்ஸின் ஆண்கள் அணியை 2024 கோடையில் டெசோநெட் என்ற லித்துவேனிய நிறுவனம் வாங்கியது. நார்ட் வி.பி.என். என்ற இணையப் பாதுகாப்பு மென்பொருள் பிறந்த குழுமம் அது. லித்துவேனியாவில் கூடைப்பந்துதான் தேசிய விளையாட்டு மாதிரி, தொழில் அதிபர்களும் சின்ன வயதில் பந்து தட்டி வளர்ந்தவர்களாகத்தான் இருப்பார்கள். ஆகவே இந்த விளையாட்டு தெரிந்த கைகளுக்குக் கிளப் போயிருக்கிறது என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

இப்போது மறுபடியும் பெரிய பேச்சு அடிபடுகிறது. ஐரோப்பாவில் புதிய லீக் ஒன்றைத் தொடங்குவது பற்றி ஆராய்வதாக 2025 மார்ச்சில் என்.பி.ஏ.வும் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பும் சேர்ந்து அறிவித்தன. அவர்கள் குறிவைக்கும் நகரங்களில் லண்டனுக்குக் கட்டாயம் இடம் உண்டு. எந்த முதலீட்டாளர், எந்தக் கால்பந்துக் கிளப் கைகோர்க்கும் என்றெல்லாம் ஊகங்கள் பறக்கின்றன. லண்டனில் அப்படி ஒரு அணி வந்தால் எங்கே ஆடும்? ஓ2 அரங்கம் 20,000 பேரைத் தாங்கும், ஆனால் அதன் நாட்காட்டி கச்சேரிகளால் நிறைந்து கிடக்கிறது. காப்பர் பாக்ஸ் அந்த லீக்குக்குச் சிறிது. 12,000 பேர் உட்கார்ந்து டெங்கின் ஆட்டத்தைப் பார்த்த அரங்கம் சரியான அளவாக இருந்திருக்கும். அதைப் பிரித்து எடுத்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது.